வெளிநாட்டு ஜோலி உண்டா?

நான் இருந்த கடையில் இப்போது வேலை பார்க்கிறவர்கள் ஒரு ஃபயர்வால் பெட்டியைப் பத்து நிமிஷத்தில் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். கஸ்டமர் போனில் எத்தனை கம்ப்யூட்டர், என்ன வேகத்து லைன் என்று சொல்கிறார். இவர்கள் பட்டியலைப் பார்த்து ஒரு மாடலைச் சொல்கிறார்கள். இரண்டு நாளில் கூரியரில் வந்துவிடுகிறது. நான் குறை சொல்லவில்லை. பெட்டிகளும் எங்கள் காலத்தைவிட நன்றாகவே இருக்கின்றன. ஆனால் போன மாதம் அவர்களில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்து, "அண்ணாச்சி, ஒரு பெட்டி வாங்குததுக்கு நீங்க ஒரு நாள் பூரா போய் உக்காந்திருப்பியளாமே, அங்கன என்னத்தப் பாப்பிய?" என்று கேட்டார்கள். எனக்கு நேரில் பேச வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அதுதான் இது.

நான் விளாத்திகுளம் பக்கம். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். தூத்துக்குடிக்கு ஏணி தூக்க வந்தவன், கேபிள் இழுக்கப் பழகினேன். கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பியின் நிற வரிசையைப் பாடமாக்கினேன். பெட்டிகளின் முகத்தில் அச்சடித்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷ் எழுத்துக் கூட்டக் கற்றேன். எண்கள் எனக்கு எப்போதும் சுலபம். முதுகெலும்பு ஒத்துழைக்காததால் போன வருஷம் வேலையை விட்டேன். இடையில் உள்ள வருஷங்கள் முழுவதும் காஸ்பர் சாரிடம்தான்.

காஸ்பர் சார் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர். செயற்கைக்கோள் வந்த பிறகு அந்த உத்தியோகமே கப்பலில் இல்லாமல் போனது. கரைக்கு வந்து நெட்வொர்க் கடை வைத்தார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. போனில் எது சொன்னாலும், "திருப்பிச் சொல்லு" என்பார். நாம் அதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்லவேண்டும். "சரி" என்று அவர் சொன்ன பிறகுதான் கை வைக்கவேண்டும். கடலில் அரைகுறையாகக் கேட்ட ஒரு எண்ணால் கப்பல் வேறு துறைமுகத்துக்குப் போகும் என்பது அவர் வாழ்ந்த வாழ்க்கை.

ஃபயர்வால் என்பது இணையக் கம்பி கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் வைக்கிற சின்னப் பெட்டி. உள்ளே வருவது, வெளியே போவது எல்லாவற்றையும் பார்த்து, விடவேண்டியதை விட்டு, அடைக்கவேண்டியதை அடைக்கும். இதை வாங்குவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு வேலைநாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்பது சாருடைய முறை. ஒரு தாளில் இங்கிலீஷில் கேள்விகள் எழுதி வைத்திருந்தார். எனக்கு அதை ஒருமுறை வாசித்துச் சொன்னார். நான் என் நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன்.

முதலில், முதலாளி சொல்கிற எண்ணிக்கையை நம்பக்கூடாது. "ஆறு பேரு இருக்கோம்" என்பார். உட்கார்ந்து எண்ணினால் ஆறு கம்ப்யூட்டர், ஆறு கைபேசி, நான்கு கேமரா, பிரிண்டர், விரல் வைக்கிற வருகை மிஷின், வரவேற்பில் ஒரு டிவி. ஆறு பேருக்கு என்று பெட்டி வாங்கினால் பத்தொன்பது பேர் அதில் ஏறுவார்கள்.

அடுத்தது வேகம். அட்டைப் பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கிற எண், ஃபயர்வால் எதையும் திறந்து பார்க்காமல் விட்டால் வருகிற வேகம். "ஹார்பர் கேட்டுல ஒரு லாரியையும் செக் பண்ணாம விட்டா அம்புட்டும் பறந்து போகும்லே. அதுக்குக் கேட்டு எதுக்கு?" என்பார் சார். எல்லாச் சோதனைகளும் ஓடும்போது உள்ள வேகம் உள்தாளில் சின்ன எழுத்தில் கீழே இருக்கும். பல சமயம் மேலே போட்டிருப்பதில் கால்வாசிகூட இராது. வாசிக்க வராவிட்டாலும் அந்த வரியில் உள்ள எண்ணை நான் முதலில் தேடுவேன். முடிந்தால் ஒரு பெட்டியை இரவல் வாங்கிப் போய், எல்லாச் சோதனைகளையும் போட்டுவிட்டு, காலை பதினொரு மணிக்கு, எல்லாரும் மும்முரமாக இருக்கும்போது ஓடவிட்டுப் பார்ப்போம்.

எங்கே வைக்கப்போகிறோம் என்பதும் ஒரு கேள்வி. வேம்பார் ரோட்டில் ஒரு உப்பளத்து ஆபீஸில் ஏற்கெனவே இருந்த பெட்டி ஒரு வருஷத்தில் செத்துப்போயிருந்தது. திறந்தேன். உள்ளே இருந்த சின்ன விசிறி வெளிக்காற்றை இழுத்து இழுத்து, பலகை முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"இதுக்குள்ளயும் உப்பா?" என்றார் அளத்து முதலாளி. "அளத்துல வெளையாதது இதுக்குள்ள வெளஞ்சிருக்கே."

அவருக்கு விசிறி இல்லாத, உடம்பே சூட்டை வெளியே விடுகிற உலோகப் பெட்டியாகப் பார்த்து எடுத்தோம். ஜன்னலோரம் வேண்டாம் என்று உள் அறையில் வைத்தோம். கடற்கரை ஊர்களில் வாங்குகிறவர்கள் மற்ற எதைக் கேட்காவிட்டாலும் இதைக் கேளுங்கள்.

வருஷா வருஷம் சந்தா புதுப்பிப்பது யார் என்றும் கேட்கவேண்டும். புதுப்பிக்காவிட்டால் பெட்டியில் விளக்கு எரியும். ஆனால் புதிதாக வந்த கெடுதல் எதுவும் அதற்குத் தெரியாது. விளக்கு எரிகிறதே என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

சில இடத்தில் வாங்கவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். புன்னைக்காயலில் ஒரு வயதான தம்பதிக்கு, மகன் சொன்னான் என்று பெரிய பெட்டி கேட்டார்கள். போய்ப் பார்த்தேன். இரண்டு கைபேசியும் ஒரு டிவியும்தான். லைன் கொடுத்த கம்பெனி வைத்த ரவுட்டரிலேயே பாஸ்வேர்டை மாற்றி, வெளியிலிருந்து அதைத் திறக்கிற வழியை அடைத்து, அதன் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு வந்தேன். பெரிய பெட்டி விற்காமல் வந்ததற்குச் சார் ஒன்றும் சொல்லவில்லை.

இனி, நான் தவறு செய்த இடம். பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். வாட்ஸ்அப் இன்னும் எல்லார் கைக்கும் வரவில்லை.

மரியதாஸ் அண்ணாச்சிக்கு இரண்டு தோணி. தோணி என்றால் கடல் தாண்டிச் சரக்கு கொண்டுபோகிற பெரிய மரக்கலம். கருங்கல், காய்கறி, சிமெண்ட் எல்லாம் ஏற்றும். அவருடைய ஆபீஸில் இணையம் வழியாக ஓடுகிற போன்கள் இருந்தன. யாரோ எங்கிருந்தோ அந்தப் போன் மிஷினுக்குள் நுழைந்து, இவர் கணக்கில் ஊர் உலகத்துக்கெல்லாம் பேசிவிட்டார்கள். அதனால் ஃபயர்வால் வேண்டும் என்று வந்தார்.

நான் ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். போன்களை எண்ணினேன். ஒன்று முதல் ஆறு வரை இருந்தது. மிஷினில் ஏழு என்று காட்டியது.

"ஏழாம் நம்பர் எங்கன இருக்கு அண்ணாச்சி?"

"அது அக்கரையில இருக்கு."

உப்பாற்று ஓடைக்கு அந்தப் பக்கம் பல பேருக்குச் சரக்கு வைக்கிற குடோன் உண்டு. நோட்டில் 'ஏழு – அக்கரை குடோன்' என்று எழுதினேன். பிறகு கேள்விகளை வரிசையாகக் கேட்டு வந்தேன். அதில் ஒன்று, வெளிநாட்டு ஜோலி உண்டா என்பது.

"வெளிநாடா?" அண்ணாச்சி சிரித்தார். "அதெல்லாம் பெரிய கப்பல்காரன் சமாச்சாரம்ப்பா. நமக்கு ஏது வெளிநாட்டு ஜோலி? ஒரு வெளிநாட்டுக்காரனும் உள்ள வரக்கூடாது. அதுக்குத்தான உன்னக் கூப்பிட்டேன்."

இல்லை என்று எழுதினேன்.

அந்த எண்ணிக்கைக்கும் லைனுக்கும் ஏற்ற, நாடு வாரியாக அடைக்கத் தெரிந்த ஒரு சின்னப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தோம். திங்கட்கிழமை சாயங்காலம் வைத்தேன். உள்ளே இருப்பவர்கள் எந்த வலைத்தளத்துக்கும் போகலாம். வெளியிலிருந்து தானாக வந்து கதவைத் தட்டுவதில் மட்டும் இந்தியாவை விட்டு மற்ற எல்லா நாட்டையும் அடைத்தேன். காஸ்பர் சாருக்குப் போன் போட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். "வெளிநாட்டு ஜோலி இல்லை. ஏழாம் போன் குடோன்ல." "சரி" என்றார்.

வைத்த மூன்றாம் நாள் திரும்பப் போய், பெட்டி எதை எதை அடைத்தது என்ற பட்டியலைப் பார்க்கவேண்டும். அதுவும் சாருடைய முறை. வியாழக்கிழமை காலை போனேன்.

ஆபீஸ் பெஞ்சில் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கையில் ஜெபமாலை உருண்டுகொண்டிருந்தது. ஏதோ கையெழுத்து வாங்க வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். கேட்பதற்குக் கூச்சம். மூலையில் போய்ப் பட்டியலைத் திறந்தேன்.

எங்கெங்கோ இருந்து ஆயிரக்கணக்கில் தட்டியிருந்தார்கள். திருடன் தட்டுகிற விதம் ஒன்று உண்டு. ஒரு கதவைத் தட்டுவான், அடுத்ததைத் தட்டுவான், எதுவும் திறக்காவிட்டால் போய்விடுவான். ஆனால் ஒரே ஒரு இணைய முகவரி மட்டும் திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து போன் மிஷினுக்கு உள்ள கதவை மட்டும், நிமிஷத்துக்கு ஒரு தடவை, அவசரப்படாமல் தட்டிக்கொண்டிருந்தது. மூன்று இரவும் நிறுத்தவில்லை.

மரியதாஸ் அண்ணாச்சி பின்னால் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"என்னப்பா, எவனும் வந்தானா?"

"நெறையப் பேரு அண்ணாச்சி. ஒருத்தன் மட்டும் விடாம தட்டிக்கிட்டே இருக்கான். ஆனா உள்ள விடல."

"விடாத. எவனா இருந்தாலும் விடாத" என்றார்.

அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஜெபமாலை வைத்திருந்த பெண் எழுந்தாள். பிலோமி என்று அவளைக் கூப்பிட்டார்கள். தோணி ஓட்டுகிற தண்டல் சூசையின் மனைவி.

"அண்ணாச்சி, அக்கரைப் போன் அடிச்சுதா?"

"அடிக்கலையே தாயி. செவ்வாக்கெழமயே அடிச்சிருக்கணும். காத்து ஒரு மாதிரியாத்தான் கெடக்கு."

"நீங்க ஒரு தடவ போட்டுப் பாக்கப்பிடாதா?"

"எளா, உனக்குத் தெரியாததா? தோணி வந்துச்சான்னு நாம கேக்கப்பிடாது. எங்கப்பா கேட்டதில்ல, நானும் கேட்டதில்ல. அது வந்து சொல்லணும்."

அந்த ஆபீஸில் அது ஒரு கட்டு. கேட்டு வாங்குகிற சேதி நல்ல சேதியாக இராது என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. அதனால் அந்தப் போன் அடிக்காத ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்குத் தோணி வராத மணி நேரம். பெஞ்சில் இருந்தவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் வீட்டு ஆட்களையும் சேர்த்து ஒன்பது பேர் அந்தத் தோணியில்.

என்னால் ஆன உதவியாக இருக்கட்டும் என்று எழுந்தேன். "அண்ணாச்சி, அக்கரைக்கு நான் வேணா பைக்குல போய்ப் பாத்துட்டு வந்திரட்டா? அரை மணி நேரத்துல வந்திருவேன்."

பெஞ்சில் ஒரு கிழவி, "மாலத்தீவுக்குப் பைக்குல போவாராம்ளா!" என்றாள். அத்தனை கவலையிலும் அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எந்த ஊருய்யா நீரு?" "பாலம் போட்டுட்டாவளோ?" பிலோமிகூட முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"அண்ணாச்சி, அக்கரைன்னா குடோன் இல்லையா?"

"குடோனா? மாலத்தீவுலே. மாலே, கொழும்பு எல்லாம் எங்களுக்கு அக்கரை. ஏழாம் போன் அங்கன நம்ம ஏஜென்டு கிட்ட இருக்கு. இங்கன இருந்து நானே தோணியில குடுத்தனுப்புனது."

"வெளிநாட்டு ஜோலி இல்லன்னு சொன்னிய."

"அது எங்கன வெளிநாடு? எங்க தாத்தா காலத்துல இருந்து போயிட்டு வாரோம். வெளிநாடுன்னா சிங்கப்பூர், துபாய்!"

கரிசல்காட்டில் பிறந்தவனுக்குக் கடல் ஒரு முடிவு. இவர்களுக்கு அது ஓர் ஓடை. அதற்கு அந்தப் பக்கம் இருப்பதும் அக்கரைதான். அது எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்து காஸ்பர் சாருக்குப் போன் போட்டேன். ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை.

"சுப்பையா, அந்தக் கேள்விய நீ எந்த வார்த்தையில கேட்டே?"

"வெளிநாட்டு ஜோலி உண்டான்னு கேட்டேன் சார்."

"நான் தாள்ல ஓவர்சீஸ்னு எழுதியிருந்தேன். கடல் தாண்டி. நீ வெளிநாடுன்னு ஆக்கிட்டே. நீ வெளிநாடுன்னு திருப்பிச் சொன்னப்போ நானும் சரின்னுட்டேன். மரியதாஸ் தோணிக்காரர்னு எனக்குத் தெரியும். நான் யோசிச்சிருக்கணும். இப்போ கேளு. நாட்டைத் திறக்காதே. அந்த ஒரு முகவரிய மட்டும், போன் கதவுக்கு மட்டும் விடு. திருப்பிச் சொல்லு."

"நாட்டத் திறக்கல. அந்த ஒரு முகவரி மட்டும். போன் கதவு மட்டும்."

"சரி."

உள்ளே போய் மாற்றினேன். ஒரு நிமிஷம் கழிந்தது. அந்த முகவரி இன்னொரு தடவை தட்டியது. இந்தத் தடவை அடைத்த பட்டியலில் வரவில்லை. போன் மிஷினில் ஏழுக்கு நேராகப் பச்சை விளக்கு வந்தது.

அவ்வளவுதான். போன் அடிக்கவில்லை.

அங்கே இருந்தவர்களுக்கு நான் என்ன செய்தேன் என்று தெரியாது. எனக்கு மட்டும் தெரியும், வழி இப்போது திறந்திருக்கிறது என்று. கால் மணி நேரம் அந்தக் கறுப்புப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழி அடைபட்டிருந்ததால்தான் சேதி வரவில்லையா, இல்லை, சொல்லச் சேதியே இல்லையா? பிலோமி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தவளுக்கு ஏதோ பட்டிருக்கவேண்டும். ஜெபமாலை நின்றுவிட்டது.

கஸ்டமரின் போனை நான் தொட்டதில்லை. தொடக்கூடாது என்பது முறை. அன்றைக்கு எழுந்து போய் எடுத்தேன்.

"எப்பா, என்ன செய்யுத?" அண்ணாச்சி பாதி எழுந்தார். "கேக்கப்பிடாதுன்னு சொன்னேன்லா?"

"நான் ஒண்ணும் கேக்கல அண்ணாச்சி. லைன் டெஸ்ட் பண்ணுதேன். அது என் ஜோலி."

ஸ்பீக்கரைப் போட்டு ஏழாம் எண்ணை அழுத்தினேன். அடித்தது. நாலு தடவை, ஐந்து தடவை அடித்தது.

"ஹலோ" என்றது ஒரு குரல்.

"லைன் டெஸ்டுக்காகப் பேசுதேன். நான் பேசுறது கேக்குதா?" என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"கேக்குது, நல்லாக் கேக்குது! என்னப்பா உங்க போனு? மூணு நாளா செத்துக் கெடந்துச்சி. உங்க லைனு எப்பவும் படுத்துக்கெடக்கதுதானன்னு நானும் விட்டுட்டேன். மரியதாஸ்கிட்ட சொல்லு, தோணி செவ்வாக்கெழம சாயங்காலமே வந்துட்டு. பாதிச் சரக்கு எறக்கியாச்சு. ஆளுவள இன்னும் கரைக்கு விடல, எல்லாம் சொகமா இருக்கானுவ."

அண்ணாச்சி போனைப் பிடுங்கிக்கொண்டார். பெஞ்சில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கிழவி சத்தமாக மாதாவைக் கூப்பிட்டு அழுதாள். பிலோமி மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

பிறகு அந்த ஆபீஸுக்கு வேறு மாதிரி செய்தோம். அக்கரை ஏஜென்டுக்கும் அதே வகையில் ஒரு குட்டிப் பெட்டி அனுப்பி, இரண்டுக்கும் நடுவில் பூட்டிய தனி வழி போட்டோம். வெளிக் கதவு எதையும் திறக்கவேண்டிய தேவையே இல்லாமல் போனது. நாங்கள் முதலிலேயே அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கவேண்டும். வேறு ஊரிலோ நாட்டிலோ ஒரு ஆள் இருந்தால், அந்தத் தனி வழி போடத் தெரிந்த பெட்டியாக, இரண்டு முனைக்கும் ஒரே வகையாக வாங்குங்கள். அதற்குப் பிறகு நாட்டின் பெயரையெல்லாம் நான் கேட்டதில்லை. "இந்த ஆபீஸுக்கு யார் குரல் வரும்? அவங்க எங்கன இருக்காங்க?" என்று கேட்பேன். வேலையை விடும்வரை அப்படித்தான் கேட்டேன்.

அன்றைக்குப் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். லைன் கோளாறு என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆட்கள் நடுவில் பேச வராது. ஆனால் அந்தப் பெண்ணைத் தாண்டித்தான் வாசலுக்குப் போகவேண்டும்.

"தாயி, லைன் கோளாறு இல்ல" என்றேன். "அந்தப் போன நான்தான் அடச்சு வெச்சிருந்தேன். தெரியாமச் செஞ்சிட்டேன். செவ்வாக்கெழமயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் வந்தது, போனது, மறுபடி வந்தது. அழுகையும் கூடவே வந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"உங்களப் பொறுக்கதுக்குக் கொஞ்ச நாளாவும் அண்ணாச்சி" என்றாள். ஜெபமாலையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். "இப்பம் பசிக்கு. நேத்துல இருந்து ஒண்ணும் திங்கல. இங்கன பக்கத்துல சாப்பாட்டுக் கடை எங்கன இருக்கு?"